கூடப் பிறந்தவனுக்காக அழுபவர் யார்?

(கூனிமேட்டில் சகோதர சகோதரிகளிடையே ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே!

 

ஒரு மய்யித் வீட்டுக்கு நாம் போகிறோம். போனதும் யாரைத் தேடுகிறோம்? இறந்தவரின் தகப்பனாரைத் தேடிக் கைகொடுக்கிறோம். பெண்கள் உள்ளே போய்த் தாயாரையும் மனைவியையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களின் தலையைத் தடவிக் கொடுக்கிறோம். இவையெல்லாம் சரி, செய்ய வேண்டியவைதான்.

அந்த வீட்டில் இன்னொருவர் இருக்கிறாரே, அவரைப் பார்த்தீர்களா? கபன் துணி வாங்க ஓடியவர் அவர்தான். கபர் வெட்ட ஆள் அழைத்தவரும், வெளியூர்க்காரர்களுக்குத் தகவல் சொன்னவரும், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவரும் அவர்தான். அவர் இறந்தவரின் அண்ணன், அல்லது தம்பி. அவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? "நீதான் தைரியமாக இருக்கணும். உம்மாவை நீதான் பார்த்துக்கணும்." இதைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அக்காளோ தங்கையோ இருந்தால் அவர் நிலையும் இதுதான். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து அழுதுகொண்டே வருகிறார். மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போகிறார். புகுந்த வீட்டில் அவருடைய துக்கத்தை யார் விசாரிக்கிறார்கள்?

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்தத் துக்கத்தைப் பற்றித்தான். அதிலும் போர்க்காலத்தில் உடன்பிறந்தவரை இழந்தவர்களின் துக்கத்தைப் பற்றி.

நமக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்?

"கூனிமேட்டில் வந்து போரைப் பற்றிப் பேசுகிறீர்களே, இங்கே ஒரு பக்கம் கடல், பக்கத்தில் மரக்காணம் உப்பளம், நடுவே சாலை. எங்களுக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

பிழைப்பு தேடிக் கடல் கடந்த சமுதாயம் நம்முடையது. கடல் கடந்தவர்களைப் போர் தேடி வந்திருக்கிறது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன் மீது ஜப்பான் விமானங்கள் குண்டு வீசின. 1942இல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் அஸ்ஸாம் மலைக்காடுகள் வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே மடிந்தார்கள். அவர்களில் நம் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். பர்மாப் போரில் இறந்து கபரோ கல்லறையோ தெரியாமல் போன ஏறத்தாழ 27,000 போர்வீரர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு அருகே தௌக்யானில் உள்ள நினைவுத் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. காட்டு வழியில் விழுந்த கடைச் சிப்பந்திக்கும் மூட்டைத் தொழிலாளிக்கும் அப்படி ஒரு தூண் கிடையாது. ஊரில் இருந்த அவனுடைய தம்பியின் நெஞ்சுதான் தூணாக நின்றது. அந்தத் தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிறகு 1990. ஆகஸ்ட் 2ஆம் தேதி இராக் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அல்லாஹ்வின் அருளால் ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்த நாட்களில் உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் குவைத்தையே எழுதின. ஆகவே மறுநாள், ஆகஸ்ட் 3ஆம் தேதி, நமக்கு மிக அருகில் நடந்த ஒன்று பலருடைய கண்ணில் படவே இல்லை.

காத்தான்குடி

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருப்பது காத்தான்குடி. முஸ்லிம்கள் நெருங்கி வாழும் ஊர். நாம் பேசும் தமிழைப் பேசுகிறவர்கள். அண்ணனை "நானா" என்றும் அக்காளை "ராத்தா" என்றும் அழைக்கிறவர்கள்.

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. இஷா தொழுகை நேரம். மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாசலிலும் தொழுகையில் நின்றவர்கள் மீது ஆயுதம் தாங்கியவர்கள் சுட்டார்கள், கையெறி குண்டுகளை வீசினார்கள். அந்த ஊர் மக்கள் 103 ஷுஹதாக்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். வேறு கணக்குகள் 140க்கும் மேல் சொல்கின்றன. இறந்தவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். விடுதலைப் புலிகள் இதை மறுத்தார்கள். ஆனால் உயிர் தப்பியவர்களின் சாட்சியம் அவர்களையே சுட்டியது.

இரண்டு வாரம் கூடக் கழியவில்லை. ஆகஸ்ட் 11ஆம் தேதி இரவு ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30ஆம் தேதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம்.

சகோதரர்களே, ஒரு விஷயத்தை எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசலுக்கு நாம் எப்படிப் போகிறோம்? அண்ணன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறான். ஒன்றாக ஒளூ செய்து, ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறார்கள். அப்படி நிற்கும் இடத்தில் குண்டு பாய்ந்தால் ஒருவன் விழுவான், பக்கத்தில் நின்றவன் பிழைப்பான். பிழைத்தவனுடைய மனநிலை என்ன? "நான் ஏன் பிழைத்தேன்? நான் அவனை அழைத்துப் போகாமல் இருந்திருந்தால்?" இந்தக் கேள்வி அவனை விடுவதில்லை. தாயின் முன்னால் நிற்கும்போதெல்லாம், அவர் தன்னைப் பார்க்கிறாரா, தனக்குப் பக்கத்தில் இல்லாதவனைத் தேடுகிறாரா என்று அவனுக்குத் தோன்றும். இதை அவன் யாரிடமும் சொல்லமாட்டான். சொல்லச் சொல்லிக் கேட்பவரும் இல்லை.

அந்த மனிதனுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. அஜல் என்பது அல்லாஹ்வின் கையில் உள்ளது. தம்பியைத் தொழுகைக்கு அழைத்தது நன்மை. சுட்டவனுடைய பாவம் சுட்டவனைச் சேரும், கூட்டிப்போனவனைச் சேராது. இதை ஒருமுறை சொன்னால் போதாது. பத்து வருடம் கழித்து அவன் மீண்டும் கேட்டாலும் மீண்டும் சொல்ல வேண்டும்.

இன்றும் மீரா ஜும்ஆ பள்ளிவாசலின் சுவரில் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த அடையாளங்களைப் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 3ஆம் தேதி ஷுஹதாக்கள் தினமாக நினைவுகூரப்படுகிறது.

ஹம்ஸா (ரலி) அவர்களின் சகோதரி

"மரணத்துக்கு மூன்று நாள்தானே துக்கம்? இத்தனை வருடம் கழித்து எதற்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கிறார்கள். மார்க்கத்தின் பெயரால் கேட்பதால் மார்க்கத்தைக் கொண்டே பதில் பார்ப்போம்.

மூன்று நாள் என்ற சட்டம் உண்மை. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் சகோதரர் ஒருவர் இறந்தபோது, அவர்கள் நறுமணம் வரவழைத்துப் பூசிக்கொண்டார்கள். தமக்கு அதில் நாட்டம் இல்லை என்றும், கணவருக்கு அல்லாமல் வேறு யாருக்காகவும் ஒரு பெண் மூன்று நாளுக்கு மேல் துக்கம் அனுஷ்டிக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதனாலேயே பூசுவதாகவும் சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது. கவனியுங்கள்! நறுமணத்தில் நாட்டம் இல்லை என்கிறார்கள். அதாவது மனம் இன்னும் ஆறவில்லை. சட்டம் அலங்காரத்தைத் துறப்பதற்குத்தான் எல்லை வகுத்தது. மனத்தின் வேதனைக்கு அது நாள் குறிக்கவில்லை.

உஹத் போரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. ஹம்ஸா (ரலி) ஷஹீதானார்கள். எதிரிகள் அவர்களின் உடலைச் சிதைத்திருந்தார்கள். உடன்பிறந்த சகோதரி ஸஃபிய்யா (ரலி) களத்தை நோக்கி வேகமாக வந்தார்கள். அந்தக் கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று எண்ணிய நபி (ஸல்) அவர்கள், ஸஃபிய்யாவின் மகன் ஸுபைரை (ரலி) அனுப்பித் தடுக்கச் சொன்னார்கள். ஸஃபிய்யா திரும்பவில்லை. சகோதரர் சிதைக்கப்பட்டது தமக்குத் தெரியும் என்றும், இது அல்லாஹ்வின் பாதையில் நேர்ந்தது என்றும், தாம் பொறுமை கொள்வதாகவும் சொன்னார்கள். அனுமதி கிடைத்தது. வந்து பார்த்தார்கள், பிரார்த்தித்தார்கள்.

சகோதரருக்குக் கபனிட அவர்கள் இரண்டு துணிகள் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் அன்ஸாரித் தோழர் அதே கோலத்தில் கிடந்தார். அவருக்குத் துணியில்லை. ஹம்ஸாவுக்கு இரண்டு, இவருக்கு ஒன்றுமில்லை என்பது கூடாது என்று ஆளுக்கொரு துணியில் கபனிட்டார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, உடன்பிறந்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதும், என்ன நடந்தது என்று அறிவதும் சகோதரியின் உரிமை. இரக்கத்தின் பெயரால்கூட அதைப் பறிக்க வேண்டியதில்லை. பார்க்கத் தாங்குமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். இரண்டு, தன் வீட்டு மய்யித்துக்கு அழ வந்தவர்களின் துணி பக்கத்து மய்யித்துக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த இரண்டாவது பாடத்துக்குப் பிறகு வருகிறேன்.

மதீனா திரும்பிய பின், அன்ஸாரிப் பெண்கள் தங்கள் வீட்டு ஷஹீத்களுக்காக அழுவதை நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஹம்ஸாவுக்காக அழுவோர் இல்லையே என்று வருந்தினார்கள். ஒப்பாரி வைப்பதை அதன்பின் தடை செய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அலங்கோலமாக அலறுவதுதான் தடை, கண்ணீருக்குத் தடை இல்லை. ஹம்ஸா (ரலி) நபியவர்களுக்குச் சிறிய தந்தை மட்டுமல்ல, ஸுவைபாவிடம் இருவரும் பாலருந்தியதால் பால்குடிச் சகோதரரும் ஆவார். ஆக, அந்த வருத்தத்தில் சகோதரனை இழந்தவரின் வருத்தமும் கலந்திருந்தது.

உமர் (ரலி) அவர்களைப் பாருங்கள். மூத்த சகோதரர் ஸைத் (ரலி) யமாமா போரில் ஷஹீதானார். உமர் எவ்வளவு உறுதியான மனிதர் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர், கிழக்குக் காற்று வீசும்போதெல்லாம் அது ஸைதின் வாசனையைக் கொண்டுவருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. இஸ்லாத்தை ஏற்பதிலும் ஷஹாதத்திலும் ஸைத் தம்மை முந்திக்கொண்டார் என்பார்கள். உமருக்கே மூன்று நாளில் ஆறாத துக்கத்தை, உங்கள் தெருவில் இருக்கும் ஒரு சகோதரர் மூன்று நாளில் ஆற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

மய்யித் வராத வீடு

பொறுமைக்கும் ஒரு பிடிமானம் வேண்டும். ஜனாஸாத் தொழுகையும், கபர் மீது இடும் மூன்று பிடி மண்ணும் அந்தப் பிடிமானத்தைத் தருகின்றன. போர்க்காலத்தில் பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

1990 ஜூலையில், காத்தான்குடிப் படுகொலைக்குச் சில வாரங்கள் முன்பு, மட்டக்களப்புக்குத் தெற்கே குருக்கள்மடத்தில் வாகனங்கள் மறிக்கப்பட்டன. ஹஜ்ஜை முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களும் வியாபாரிகளும் கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் உறவினர் கைக்கு வரவில்லை. கடற்கரை மணலில் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. ஹாஜியார் வருகிறார் என்று வாசலில் காத்திருந்த வீடுகளில் ஆள் வரவில்லை. அந்த இடத்தைத் தோண்ட வேண்டும் என்ற கோரிக்கை 2014இல் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்த மணல் தோண்டப்படாமலே கிடந்தது.

நம் நாட்டிலும் இது இருக்கிறது. 1971 போரில் காணாமல் போய்ப் பாகிஸ்தான் சிறைகளில் இருக்கக்கூடும் என்று நம்பப்பட்ட 54 இந்தியப் படைவீரர்களின் பட்டியல் ஒன்று உண்டு. 36 வருடம் கழித்து, 2007இல், அவர்களுடைய உறவினர்கள் பாகிஸ்தான் சென்று சிறை சிறையாகப் பார்த்துத் திரும்பினார்கள். யாரும் கிடைக்கவில்லை. போகும்போது முப்பது வயதில் இருந்தவரை, அறுபது தாண்டிய முகத்தில் தேடிய கண்கள் அவை.

இப்படிக் காத்திருப்பவரிடம் "செத்துப்போய்விட்டான், விட்டுத்தள்ளு" என்பதும் கொடுமை, "வருவான், வருவான்" என்று ஆசை காட்டுவதும் கொடுமை. இலங்கையில் 2016இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. காணாமல் போனவருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கக் குடும்பத்தாருக்கு மனமில்லையென்றால், "காணப்படவில்லை" என்று எழுதிய சான்றிதழைப் பெறலாம். அதைக் கொண்டு சொத்து, வங்கி, உதவித்தொகை காரியங்களைப் பார்க்கலாம். அண்ணன் இறந்தான் என்று தம்பி தன் கையால் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. சிறிய காரியம்தான். ஆனால் குடும்பத்தாரின் மனம் அறிந்து செய்யப்பட்ட காரியம். அதே ஆண்டு காணாமல் போனோருக்கான அலுவலகம் அமைக்கவும் சட்டம் இயற்றப்பட்டது. காகிதம் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை என்று உறவினர்கள் வருடக்கணக்கில் வீதியோரம் உட்கார்ந்து கேட்டார்கள்.

நம் மார்க்கத்திலும் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். காணாமல் போனவரை "மஃப்கூத்" என்று தனியாக வைத்து, அவருடைய சொத்துக்கும் மனைவிக்கும் உரிய சட்டங்களை இமாம்கள் ஆராய்ந்து வகுத்தார்கள். இறந்தது உறுதியாகி உடல் மட்டும் கிடைக்கவில்லையென்றால், அபிஸீனியாவில் இறந்த நஜாஷி மன்னருக்காக நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் தொழவைத்ததை ஆதாரமாகக் கொண்டு, ஷாஃபி மத்ஹபில் காயிப் ஜனாஸா தொழலாம். ஹனஃபி மத்ஹபில் கருத்து வேறு. உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். எதுவுமே செய்யாமல், அந்தப் பெயரையே வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று ஆக்கிவிடாதீர்கள்.

மன்னிப்பு என்றால் என்ன?

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதற்கு அன்டன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். பழையதை மறந்து மன்னிக்க வேண்டும் என்ற கருத்தில் பேசினார். வருத்தம் தெரிவித்தது நல்லதுதான். ஆனால் மறப்பதும் மன்னிப்பதும் ஒன்றா?

ஹம்ஸாவைக் கொன்ற வஹ்ஷி பின்னாளில் இஸ்லாத்தை ஏற்று நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அவருடைய இஸ்லாம் ஏற்கப்பட்டது. பழிவாங்கல் இல்லை, தண்டனை இல்லை. ஆனால், தம் கண்ணில் படாமல் இருக்க முடியுமா என்று நபியவர்கள் அவரிடம் கேட்டார்கள். புகாரியில் இருக்கிறது. மன்னித்தார்கள், மறக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் ஹம்ஸாவின் நினைவு வரும். அகிலத்துக்கு அருட்கொடையாக வந்தவர்களின் நெஞ்சே அப்படியென்றால், காத்தான்குடியில் தம்பியைப் பறிகொடுத்தவரிடம் போய் "எல்லாவற்றையும் மறந்துவிடு" என்று சொல்ல நாம் யார்?

உமர் (ரலி) அவர்களைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. ஸைதைக் கொன்றவர் பிற்பாடு முஸ்லிமாகி உமரின் ஆட்சியில் வாழ்ந்தார். உம்மை என்னால் நேசிக்க முடியாது என்று உமர் அவரிடம் வெளிப்படையாகவே சொன்னார். அதனால் எனக்குரிய உரிமையில் ஏதாவது குறைப்பீர்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றார் கலீஃபா. பிரியம் வரவில்லை, ஆனால் உரிமையும் குறையவில்லை. அண்ணனை இழந்தவரிடம் நாம் எதிர்பார்க்கலாம் என்றால் இந்த அளவுதான். கட்டிப்பிடிக்கச் சொல்லாதீர்கள். அநீதி செய்யாமல் இருக்கச் சொல்லுங்கள்.

ஏனென்றால், உடன்பிறந்தவனின் இரத்தம் பழிக்குப் பழி கேட்கும். உஹதில் ஹம்ஸாவின் கோலத்தைக் கண்டபோது, எதிரிகளில் பலரை இவ்வாறே செய்வேன் என்று நபி (ஸல்) அவர்கள் வேதனையில் சொன்னார்கள். அப்போது அந்நஹ்ல் அத்தியாயத்தின் 126ஆம் வசனம் இறங்கியது என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். தண்டித்தால் அளவோடு தண்டியுங்கள், பொறுத்தால் அதுவே மேல் என்பது அதன் கருத்து. நபியவர்கள் பொறுமையைத் தேர்ந்தார்கள். உடல்களைச் சிதைப்பதையே தடை செய்தார்கள்.

1990இல் என்ன நடந்தது? அதே ஆகஸ்ட் மாதம் அம்பாறை மாவட்டத்து வீரமுனையில், கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்க்காவல் படையினர் மீதும் குற்றச்சாட்டு இருக்கிறது. அங்கேயும் அக்காள் இருந்தாள், தம்பி இருந்தான். நம்முடைய ஷஹீத்களின் பெயரைச் சொல்லும் வாய், அவர்களுடைய பெயர் வரும்போது மூடிக்கொண்டால், அது ஸஃபிய்யாவின் வழியல்ல. பக்கத்தில் கிடந்தவருக்கும் துணி கொடுத்தவர்கள் அவர்கள்!

உடன்பிறந்தவரை இழந்தவர்கள் பழியை விட்டுவிட்டு வேறு வழியில் போயிருக்கிறார்கள் என்பதற்கு அந்த மண்ணிலேயே சான்று உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த டாக்டர் ராஜினி திரணகம, "முறிந்த பனை" என்ற நூலை எழுதிய நால்வரில் ஒருவர். 1989 செப்டம்பர் 21ஆம் தேதி, சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மூத்த சகோதரி நிர்மலா, ஒரு காலத்தில் அதே புலிகள் இயக்கத்தில் இருந்து, சிறை சென்று, பின் வெளியேறியவர். தங்கையின் சாவுக்குப் புலிகளே காரணம் என்று அவர் குடும்பத்தினர் சொல்லி வந்தார்கள். நிர்மலா லண்டனில் இருந்துகொண்டு மனித உரிமைக்காகவும் பெண்களுக்காகவும் பேசினார், நாடகங்களில் நடித்தார். 2005இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றில் தங்கையின் கதையைச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். பிள்ளைகளின் தாய், ஒரு பேராசிரியர், ஒரு மனிதர் என்று ராஜினியை உலகம் அறிந்துகொண்டதில் அந்தச் சகோதரிக்கும் பங்கு உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

சகோதர சகோதரிகளே! கேட்டுவிட்டுக் கலைந்து போவதற்காக இதைச் சொல்லவில்லை. சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

முதலாவது, மய்யித் வீட்டுக்குப் போனால் உடன்பிறந்தவர்களையும் தேடிப் போய்ப் பேசுங்கள். புத்தி சொல்வதற்கு முன், இறந்தவரைப் பற்றி அவர்களைச் சொல்லவிட்டுக் கேளுங்கள். சின்ன வயதில் சேர்ந்து ஓடியதையும், ஒரே தட்டில் சாப்பிட்டதையும், சண்டை போட்டதையும் சொல்ல அவர்களைவிட்டால் யாருமில்லை. உப்பளத்தில் அண்ணன் தம்பி சேர்ந்து உப்பு வாரியவர்களாக இருந்தால், மறுநாள் அந்தப் பாத்தியில் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் வாரம் யாராவது ஒருவர் கூடப் போய் நில்லுங்கள்.

இரண்டாவது, இறந்தவருக்காகச் செய்யக்கூடிய காரியம் இருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். தம் சகோதரி ஹஜ் செய்வதாக நேர்ந்து நிறைவேற்றாமலே இறந்துவிட்டதாக ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். சகோதரிக்குக் கடன் இருந்தால் அடைப்பாய் அல்லவா, அல்லாஹ்வின் கடனை நிறைவேற்று என்ற கருத்தில் பதில் வந்தது. கடனை அடைப்பதும், அமானிதத்தைத் திருப்பிக் கொடுப்பதும், அவர் பிள்ளைகளின் படிப்பைப் பார்ப்பதும், அவர் பெயரால் தர்மம் செய்வதும் துக்கத்துக்கு மருந்து. கையில் வேலை இருந்தால் மனம் ஒரு நிலைக்கு வரும்.

மூன்றாவது, பெயர்களை எழுதி வையுங்கள். ரங்கூன் போனவர், கொழும்பு போனவர், வளைகுடா போனவர் என்று திரும்பி வராதவர்களின் பெயர், போன வருடம், கடைசியாகக் கடிதம் வந்த ஊர் ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. பத்து வருடம் கழித்து இருக்காது.

நான்காவது, எந்த ஊரில் எந்த மதத்துக்காரர் போரில் இறந்தாலும், அவருக்கும் ஓர் அண்ணனோ தங்கையோ இருக்கிறார் என்பதை முதலில் நினையுங்கள். செய்தியில் எண்ணிக்கை மட்டும்தான் வரும். எண்ணிக்கை எத்தனையோ, அதைவிடக் கூடுதல் எண்ணிக்கையில் உடன்பிறந்தவர்கள் எங்கோ விழித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நம்மால் கபன் துணி அனுப்ப முடியாமல் போகலாம். நம் நாவால் அவர்களுடைய காயத்தில் உப்புத் தடவாமல் இருக்க முடியும்.

இறுதியாக, இங்கே இருப்பவர்களிலோ இதை வாசிப்பவர்களிலோ கூடப் பிறந்தவரை இழந்தவர் இருந்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் துக்கம் சிறியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உமருக்கு இருந்தது, ஸஃபிய்யாவுக்கு இருந்தது, நபி (ஸல்) அவர்களுக்கே இருந்தது. கண்ணீர் வந்தால் வரட்டும், ஈமானுக்கு அதனால் குறைவில்லை. தம்பியின் பெயரைச் சொல்லி துஆ கேளுங்கள். அது அவருக்குப் போய்ச் சேரும், உங்களுக்கும் ஆறுதலாகும்.

வல்ல அல்லாஹ் நம்மை விட்டுப் பிரிந்த சகோதர சகோதரிகளின் பிழைகளைப் பொறுத்து, அவர்களையும் நம்மையும் சுவனத்தில் ஒன்று சேர்ப்பானாக! இருப்பவர்களின் உள்ளத்துக்கு அமைதியைத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.